உழாதவள் கணக்கு

கொர்னீலியஸ்,
இந்த வாளியில் இருப்பது உன் மண்.
மார்ச் மாதக் காற்று
என் வேலியோரம் கொண்டுவந்து கொட்டியது.
வெள்ளையாய்க் கிடந்த பனி
அடுப்புத்துணி போலக் கறுத்துப் போயிருக்க,
மேலாக வழித்தெடுத்தேன்.
பனி உருகிவிட்டது. மிச்சம் இது.
இத்தனை மாதம் கொட்டகையில் வைத்திருந்து
இன்றைக்குத்தான் மனசு வந்தது.
நீ வீட்டில் இல்லை.
படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் மாதம் நினைவிருக்கிறதா?
ஒரே பொட்டலத்தில் வாங்கிய இரண்டு பருத்தி ஜட்டிகள்.
ஒன்றை உன் கோதுமைக்குள், ஒன்றை என் கோதுமைக்குள்
ஒரு சாண் ஆழத்தில் புதைத்தபோது
"ஆகத்தாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்றாய்.
அது கூட்டுறவுக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

நேற்று தோண்டினேன்.
உன்னுடையது முழுசாக இருக்கிறது.
துவைத்துத் தேய்த்தால்
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கே போட்டுக்கொண்டு போகலாம்.
என்னுடையதில் இடுப்பு எலாஸ்டிக் மட்டும்.
மீதியைத் தின்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது.
ஒரு கரண்டி மண்ணுக்குள்
ஒரு ஊரே இருக்கிறது, பசியோடு.
உன் நிலத்தில் அந்த ஊர்
காலிசெய்துகொண்டு போய்விட்டது.
வருஷா வருஷம் கூரையைப் பிரித்தால்
யார்தான் குடியிருப்பார்?

கோபப்படாதே. நானும் பிரித்தவள்தான்.
பத்தொன்பது இலையுதிர்காலம்
வட்டக்கலப்பையைக் கட்டி இழுத்தேன்,
ஒரு தட்டைகூடத் தலைகாட்டாமல், கறுப்பாக, சீராக,
சாலையில் போகிறவர்கள் மெச்ச வேண்டுமென்று.
உழும்போது ஒரு வாசனை எழும் பார்,
அதைத்தான் வளம் என்று நினைத்தேன்.
வளம் கிளம்பிப் போகிற வாசனை அது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
சரி, உழாதவள் கணக்கையும் கேள்.
முதல் வருஷம் நஷ்டம். மறைக்கவில்லை.
வைக்கோல் போர்த்திய களிமண்
மே கடைசி வரை குளிர்ந்தே கிடந்தது.
விதைப்பான் இரண்டு முறை அடைத்துக்கொள்ள
முழங்காலிட்டுத் தாளைக் கையால் பிடுங்கினேன்.
என் தம்பி வண்டியை நிறுத்திப்
போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.
இரண்டாம் வருஷம் கையைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான்.
வின்னிபெக்கிலிருந்து வந்த கார்பன் காசோலை
டிராக்டரின் ஒரு பின் டயருக்கு ஆனது,
அதுவும் பழைய டயர்.
அந்தக் காசுக்காக இதைச் செய்யாதே.

பிறகு இந்த ஜூலை மழை.
ஒரே ராத்திரியில் மூன்றரை அங்குலம்.
விடிந்தபோது உன் வயலில் வாத்துகள் நீந்தின.
எண்ணினேன், பதினொன்று.
என் பக்கம் ஈரம் மட்டும்.
தண்ணீர் எங்கே போயிற்று என்று
வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாய்.
மண்புழு போன வழியில் போயிற்று.
உறைபனியில் செத்த முள்ளங்கி
விட்டுப்போன துளையில் போயிற்று.
காற்றில் அலைகிற கரியை இலை பிடித்து
வேருக்கு அனுப்ப,
வேர் கொஞ்சம் தின்று கொஞ்சம் கசியவிட,
மண் அதையெல்லாம் சேர்த்துப்
பஞ்சு போலத் தளர்ந்து வைத்திருந்தது,
வருகிற தண்ணீர் உட்கார.
அன்றைக்கு உனக்கு இதைச் சொல்லவில்லை.
தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனேன்.
நீ கேட்ட தோரணை அப்படி.

கலப்பையை விற்கச் சொல்லவில்லை.
ரெட் ஆற்றோரத்து நாற்பது ஏக்கர், அது மட்டும்.
அறுத்த தட்டை நிற்கிறது, நிற்கட்டும்.
இடையில் ரை விதை.
பனி மூடுமுன் பச்சை பிடித்துவிடும்.
ஒரு டன் விதை, பெரிய சாக்கில்,
உன் கொட்டகையில் இறக்கியிருக்கிறேன்.
முளைக்காவிட்டால் கூட்டுறவுக் கடையில்
என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசு.
முளைத்தாலும் பேசுவாய், தெரியும்.
சாக்கை மட்டும் திருப்பிக் கொடு.

வாளியும் என்னுடையதுதான்.
மண்ணைக் கொட்டும்போது
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கொட்டு.
ஜட்டி உன் தபால் பெட்டியில் இருக்கிறது.